பிள்ளைக்குக் கட்டிய பாளை

பசிபிக் கடலில் கிடக்கிற அபேமாமாத் தீவில் பாளை சீவ மரம் ஏறுகிறவன் வாயை மூடிக்கொண்டு ஏறக் கூடாது. கீழே கிணற்றடியில் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் கால் நட்டு வீடாகக் கட்டிய பரணில் புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்குள் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். மேலே ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அதனால் உச்சிக்குப் போனதும் பாடியாக வேண்டும். குரல் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பாடாமல் ஏறுகிறவனைத்தான் பார்ப்பார்கள், அதுவும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

தெபானோவுக்குக் குரல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. காய்ந்த மட்டையைச் சரளையில் இழுத்துக்கொண்டு போகிற சத்தம்தான். ஆனால் அந்த ஊரில் அவனளவுக்கு நீட்டி முழக்கிப் பாடுகிறவன் இல்லை. அப்பன் காலத்துப் பாட்டுகளை இரண்டு மரத்தோடு முடித்துவிட்டு, மூன்றாவது மரத்தில் சொந்தமாகக் கட்ட ஆரம்பித்துவிடுவான். பிடித்த மீன், பிடிபடாமல் போன மீன், அக்காளின் சமையல், பெய்யாத மழை எல்லாம் பாட்டில் வரும். மகன் பௌரோ பிறந்த ஏழரை மாதமாக மகனைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை. குப்புற விழுந்ததற்கு ஒரு பாட்டு, பல் முளைத்ததற்கு ஒரு பாட்டு. அந்தப் பிள்ளைக்கு எப்போது வயிறு கட்டியது, எப்போது இளகியது என்பது வரைக்கும் ஊருக்கே மனப்பாடம்.

பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்த அன்று, தீவுக்கு உட்பக்கம் அடங்கிக் கிடக்கிற உள்கடல் பக்கமாக நின்ற மரங்களில் ஒன்றைத் தெபானோ தனியாக ஒதுக்கினான். விரியாத பாளையாகப் பார்த்து, கயிறு சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வளைத்துப் பழக்கி, நுனியைச் சீவிச் சிரட்டை கட்டினான். அந்த வீட்டு வழக்கம் அது. தாய்ப்பாலுக்கு அடுத்தபடி பிள்ளையின் நாக்கில் படுவது தகப்பன் இறக்கிய பதநீராக இருக்க வேண்டும். மற்ற மரத்துப் பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கலாம், புளிக்கவிட்டுக் கள்ளாகக் குடித்து ஊர் மன்றத்தில் உருளலாம். பிள்ளைக்குக் கட்டிய பாளையில் மட்டும் வேறு யாரும் வாய் வைக்கக் கூடாது. அந்தச் சிரட்டை சிந்தாமல் நேரே வீட்டுக்குப் போகும்.

பிள்ளைக்குச் சாப்பாடு பழக்குவதில் அந்த வீட்டுக்கு அவசரமும் இருந்தது. தெபானோவின் பெண்டாட்டி மரேவியா ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பே தலைநகரமான தாராவாவுக்குப் போய், வயதானவர்களைப் பராமரிக்கிற படிப்புப் படித்துச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தவள் அவள். வரும் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் வராத வேலைக் கடிதம், பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆனதும் வந்து நின்றது. குவீன்ஸ்லாந்தில் ஒரு சிற்றூர், அங்கே ஒரு முதியோர் இல்லம், மூன்று வருஷ வேலை. போன வருஷப் பேரலையில் கடல் உள்ளே ஏறிச் சேம்புக் குழிகளெல்லாம் உப்பாகி அழுகிவிட்டன. கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டால் கரித்தது. மழைநீர்த் தொட்டி வேண்டும், தொட்டியில் தண்ணீர் விழத் தகரக் கூரை வேண்டும். தெபானோவின் மீனும் பாகும் வயிற்றுக்குப் போதும், தொட்டிக்குப் போதாது.

மரேவியா ஒன்று சொல்லியிருந்தாள். "அவன் வாயில வேற சாப்பாடு இறங்குச்சுன்னா போறேன். இறங்கலைன்னா போகலை."

"இறங்கும். அதுக்கு நானாச்சு," என்றான் தெபானோ. மீன் பிடிப்பது, மரம் ஏறுவது போல இதுவும் தன் பாடு என்று எடுத்துக்கொண்டான்.

பரங்கிக்காயை வேகவைத்து மசித்தார்கள். ஈரப்பலாவைக் கங்கில் புதைத்துச் சுட்டு, கருகிய தோலை உரித்து, நடுவில் வெண்ணெய் மாதிரி இருக்கிற சதையை மட்டும் எடுத்துத் தேங்காய்ப் பாலில் கரைத்தார்கள். தாழம்பழச் சாற்றைப் பிழிந்து நார் இல்லாமல் வடிகட்டினார்கள். தெபானோ விடியற்காலையில் வெளிக்கடலுக்குப் போய்க் கோலாமீன் கொண்டுவந்தான். அதன் முள்ளை அவன் எடுத்த விதத்தைப் பார்த்தால் அது தொண்டையில் தைத்துச் சாகப் போவது உலகத்திலேயே அந்த ஒரு பிள்ளைதான் என்று தோன்றும்.

ஊட்டுவதில் மரேவியா கெட்டிக்காரி. சான்றிதழே இருக்கிறது. கரண்டியை மேலேயிருந்து கொண்டுவரக் கூடாது, உதட்டுக்குக் கீழேயிருந்து கொண்டுவர வேண்டும். அரைக் கரண்டிக்கு மேல் எடுக்கக் கூடாது. விழுங்கியாயிற்றா என்று தொண்டையைப் பார்க்க வேண்டும். பிறகு, "இன்னும் ஒரு வாய் வேணுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். தாராவாவில் ஒருத்திக்கு ஒருத்தி கஞ்சி ஊட்டி அப்படித்தான் பழகினார்கள். பல் இல்லாத கிழவியாக நடித்தவர்களில் மரேவியாவுக்குத்தான் முதல் மதிப்பெண்.

பௌரோ எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் கட்டுப்படவில்லை. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு தலையை அந்தப் பக்கம் திருப்பினான், இந்தப் பக்கம் திருப்பினான். உள்ளே போனதைச் சாவகாசமாக நாக்கால் தள்ளி வெளியே விட்டான். பரங்கிக்காய் தகப்பன் முகத்தில் போய் ஒட்டியது. எல்லாம் முடிந்ததும் தாயின் மார்பைப் பார்த்துக் கையை நீட்டுவான்.

நாற்பதடி தள்ளி இருந்த பரணிலிருந்து கபுரோரோ இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். தெபானோவின் அக்காள், புருஷன் இல்லாதவள், பிள்ளைகள் எல்லாம் தாராவாவில். மரேவியா போன பிறகு பகலில் பௌரோவைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் அவள்தான். கீற்றுத் தைக்கிற ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"மீனை இங்க கொண்டா. நான் மென்னு குடுக்கேன். ஒரே வாயில உள்ள போயிரும்."

"வேண்டாம் மதினி. அப்படிக் குடுக்கக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லிருக்காங்க."

"உன் புருஷனை நான் மென்னு குடுத்துத்தான் வளத்தேன்."

"அதான் பாக்குறேனே," என்றாள் மரேவியா.

தெபானோ விழுந்து விழுந்து சிரித்தான். கபுரோரோவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வம்புக்கு வம்பு பேசுகிறவளை அவளுக்குப் பிடிக்கும்.

பாளை சொட்ட ஆரம்பித்த முதல் நாள், தெபானோ சிரட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கலந்து, மகனின் உதட்டில் வைத்தான். பௌரோ ஒரு வாய் குடித்தான். உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பினான். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. உள்கடலில் நீர் வற்றுகிற நேரம், சிப்பி பொறுக்கப் போக வேண்டும். "மெதுவாக் குடு, குடிப்பான்," என்று சிரட்டையை மரேவியாவிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

அவள் கொடுத்துப் பார்த்தாள். பிள்ளை அழுதது. வெயில் ஏற ஏறச் சிரட்டையில் நுரை கட்ட ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் புளித்துப்போகும். கீழே கொட்ட மனசு வராமல் அவளே குடித்துவிட்டாள். பால் கொடுக்கிறவள் பதநீர் குடித்தால் பால் ஊறும் என்று கபுரோரோவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். குடித்துவிட்டுப் பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். எப்படியோ பிள்ளை வயிற்றுக்குத்தானே போகிறது என்று ஒரு சமாதானம்.

திரும்பி வந்த தெபானோ முதலில் பார்த்தது காலிச் சிரட்டையை. "குடிச்சிட்டானா?" என்று கேட்டான். அவன் முகம் இருந்த இருப்பைப் பார்த்து மரேவியா, "உம்" என்றாள்.

அந்த ஒரு "உம்"தான். அன்று சாயங்காலம் அவன் மரத்தில் ஏறிப் பாடிய பாட்டு கடைசி வீடு வரைக்கும் கேட்டது. மகன் குடித்தான், அப்பனுடைய மரத்தைக் குடித்தான், நாளைக்குக் கடலையே குடிப்பான் என்று பாடினான். அதற்குப் பிறகு எந்த வாயைக் கொண்டு இல்லை என்று சொல்வது? அவன் கடலுக்குக் கிளம்பியதும் மரேவியா சிரட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவாள். குடிப்பாள், பால் கொடுப்பாள். சாப்பாட்டு நேரத்துக்குப் பிள்ளைக்கு வயிறு நிறைந்திருக்கும். நிறைந்த வயிற்றோடு எந்தப் பிள்ளை பரங்கிக்காய்க்கு வாயைத் திறக்கும்? இது அவளுக்குத் தெரியாதா என்றால் தெரியும். பிள்ளை சாப்பிட வேண்டும் என்று ஒரு மனசு வேண்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு மனசு அவள் கையைப் பிடித்துச் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தது.

"பதநீரு இறங்கிருச்சுல்ல, மத்ததும் தன்னால இறங்கும்," என்று தெபானோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்த நம்பிக்கையில்தான் அடுத்த வாரம் வியாழக்கிழமை விமானத்துக்குப் பெயர் கொடுத்தார்கள்.

அதற்கு ஒன்பது நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, காகிதங்களில் கையெழுத்துப் போட மரேவியா தீவின் மறுகோடியிலிருந்த அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று விடியற்காலையிலேயே பிள்ளைக்கு வயிறு முட்டப் பால் கொடுத்து, கபுரோரோவிடம் விட்டு லாரி ஏறினாள். பதநீர்ச் சிரட்டையைக் காட்டி, "பசிச்சா இதைக் குடுங்க," என்று சொன்னபோது மதினியின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அலுவலகத்தில் ஆள் வர நேரமாயிற்று. திரும்பி வருகிற லாரி கொப்பரை மூட்டைகளுக்காக வழியில் நின்று நின்று வந்தது. மத்தியானம் தாண்டியது. மார்பு கல்லாகக் கட்டி, சட்டையெல்லாம் நனைந்து, லாரியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு மரேவியா நின்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துப் பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை.

ஊருக்குள் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. முதலில் கேட்டது பிள்ளையின் குரல். அது அழுகையாகக்கூட இல்லை, தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றாக வந்தது. ஓடிப்போய் வாங்கிப் பரண் விளிம்பில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். பௌரோ விக்கி விக்கிக் குடித்தான். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க அவளுக்கு உயிரே போயிற்று.

கபுரோரோ வியர்வையில் குளித்துக் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். "காலையில இருந்து ஒரு சொட்டு உள்ள போகலை. கரண்டியில குடுத்தேன், விரல்ல தொட்டு வச்சேன், துணியில நனைச்சுக் குடுத்தேன். என்னமோ விஷத்தைக் குடுத்த மாதிரி துப்புறான்."

தெபானோ அங்கே இல்லை. பிள்ளைக்குப் பாளை கட்டிய மரத்தடியில் இருந்தான். வீட்டிலிருந்த சிரட்டைகளையெல்லாம் கொண்டுபோய்க் குவித்து, மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். மரேவியா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டே அங்கே போனாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாளையை அவுத்துறலாம்னு இருக்கேன்," என்றான்.

"ஏன்?"

"என் மேலதான் தப்பு. நேத்து தூண்டில் கத்தியை மறந்துட்டுப் போயிட்டேன். பாளைக் கத்தியாலதான் இரை வெட்டினேன். ஒரு தடவைதான வெட்டினோம், கழுவிட்டாப் போச்சுன்னு நினைச்சேன்." இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து மணலில் போட்டான். "மீன் நாத்தம் பாளையில ஏறிருச்சு. எங்களுக்குத் தெரியலை, பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. நேத்து வரைக்கும் சிரட்டை சிரட்டையாக் குடிச்ச பிள்ளை."

பாளை சீவுகிற கத்தி வேறு எதையும் தொடக் கூடாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மீனைத் தொட்ட கத்தி பட்டால் பாளை கோபித்துக்கொள்ளும் என்பார்கள். தெபானோவின் அப்பன் ஒரு தடவை கறி வெட்ட எடுத்த பாளைக் கத்தியைக் கடலிலேயே வீசியிருக்கிறார். மரேவியா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழியெல்லாம் அந்தக் கத்தியோடு கடலுக்குப் போயிருக்கும்.

தெபானோ எழுந்து, மரத்தில் வெட்டியிருந்த படியில் கால் வைத்து ஏற ஆரம்பித்தான். பாட்டு வரவில்லை. மூன்றாவது படியில் இருக்கும்போது அவள் சொன்னாள்.

"அவன் குடிச்சதே இல்லை."

தெபானோ மரத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றான். "பின்ன யாரு குடிச்சா?"

"நான்."

"அத்தனையுமா?"

"முதல் நாளு ஒரு வாய் குடிச்சான். மத்தது எல்லாம் நான்தான்."

அவன் இறங்கி வந்தான். மரேவியா தலையைக் குனிந்து பிள்ளையின் உச்சியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ காலிச் சிரட்டையைப் பாத்துட்டுச் சிரிச்ச. பெறகு எப்படிச் சொல்ல? அவன் சாப்பிட ஆரம்பிச்சிட்டா நான் போயாகணும். சாப்பிடலைன்னா இருந்துக்கலாம். தொட்டியும் வேணும்னு இருக்கு, இவனை விட்டுட்டுப் போகவும் முடியலை. நான் என்ன செய்ய?"

தெபானோ குனிந்து கத்தியை எடுத்தான். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான். வேட்டியில் துடைத்தான்.

"அப்ப கத்தி நல்லாத்தான் இருக்கு," என்றான்.

கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, "இனிச்சுதா?" என்று கேட்டான்.

"எது?"

"பதநீரு."

"இனிச்சுது," என்றாள் மரேவியா. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவன் திட்டியிருந்தால் வந்திருக்காது.

"போக வேண்டாம்னா வேண்டாம். தொட்டி இல்லாமத்தான இத்தனை நாளு இருந்தோம்," என்றான் தெபானோ. நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் அன்று காலையில் பிள்ளையின் கிண்ணத்தைக் கழுவிய தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்த கபுரோரோ, இருவரையும் நகர்த்திவிட்டு நடுவில் வந்து நின்றாள். "போறதையும் இருக்கிறதையும் பெறகு பேசுங்க. நீ போனாலும் இவன் சாப்பிடணும், போகலைன்னாலும் சாப்பிடணும். உன் பாலு வாடை மூக்குல பட்டுக்கிட்டு இருந்தா வேற எதுக்கும் வாயைத் திறக்க மாட்டான். விடிஞ்சதும் பால் குடுத்துட்டு என் வீட்டுக்கு வந்துரு. பொழுது சாயப் போய்ப் பால் குடு. நடுவுல அவனாச்சு, அவன் அப்பனாச்சு."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது சோற்றைப் பங்கு போடுகிற இடத்தில். இந்த வீட்டில் அது வேறு விதமாகப் பலித்தது.

புதன்கிழமையிலிருந்து மரேவியா மதினி வீட்டுப் பரணில் உட்கார்ந்து கீற்றுத் தைத்தாள். காய்ந்த தாழை ஓலையை மடித்துக் குச்சியில் கோத்து ஊசியால் தைக்க வேண்டும். ஓலை முள் கையைக் கிழித்தது அவளுக்குத் தெரியவில்லை. நாற்பதடி என்பது அழுகைக்கு ஒரு தூரமா? பிள்ளை அழும்போதெல்லாம் பால் சுரந்தது. துணியை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டு தடவை எழுந்தாள். இரண்டு தடவையும் கபுரோரோ அவள் மடியில் இன்னொரு கட்டு ஓலையைப் போட்டாள். முதல் நாள் மத்தியானம் பிள்ளை அழுது அழுது தூங்கிவிட்டான். தகப்பனும் அவன் பக்கத்தில் பரங்கிக்காய் காய்ந்த முகத்தோடு தூங்கியதைக் கபுரோரோ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

அன்று சாயங்காலம் தெபானோ வாயை மூடிக்கொண்டு மரம் ஏறினான்.

கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த ரோத்தியா தலைக்குத் தண்ணீர் ஊற்றி நிமிர்ந்தபோது உச்சியில் ஆளைப் பார்த்தாள். கையிலிருந்த தகர டப்பாவை மரத்தைப் பார்த்து வீசினாள். ஊரே அவள் சொன்னதைக் கேட்டது. அதைக் கேட்ட பிறகும் தெபானோ பாடாமலே இறங்கிப் போனான். மறுநாளும் அப்படியே. வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாளும் திருட்டுப் பூனை மாதிரி ஏறி இறங்கினான். பெண்கள் குளிக்கிற நேரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

கபுரோரோ தம்பியைப் பிடித்து உலுக்கிவிட்டு வந்தாள். "பிள்ளை சாப்பிடுற அன்னைக்குத்தான் வாயைத் திறப்பானாம். பொய்யாப் பாடினது போதும்ங்கிறான்."

மரேவியாவின் கையில் ஊசி நின்றது. "என்னைச் சொல்றானா?"

"உன்னை ஒண்ணும் சொல்லலை. இத்தனை நாளு குடிச்சான் குடிச்சான்னு ஊருக்கு முன்னால பாடிட்டானாம். மரத்துக்கு முன்னால வெக்கமா இருக்காம் அவனுக்கு."

அதற்குப் பிறகு மரேவியாவின் காதெல்லாம் அந்த மரத்தின் மேலேயே இருந்தது. விடியும்போதும் சாயும்போதும் படியில் கால் வைக்கிற சத்தம் கேட்கும். பாளை சீவுகிற சத்தம்கூடக் காற்றில்லாத நேரத்தில் கேட்கும். பிறகு இறங்குகிற சத்தம். காலையும் மாலையும் பால் கொடுக்கப் போகும்போது அவனும் அவளும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பிள்ளையின் விலா எலும்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் கபுரோரோ அடுப்பு மூட்டினாள். மரேவியா தேங்காய் துருவ உட்கார்ந்தாள். மத்தியானம் முழுக்கத் தெபானோவின் பரணிலிருந்து அழுகை வரவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. காய்ச்சல் கண்டுவிட்டதோ என்று எழுந்தவளை, "ஞாயித்துக்கெழமை, எல்லாரும் தூங்குவாங்க," என்று கபுரோரோ உட்கார வைத்தாள்.

வெயில் தாழ்ந்து உள்கடல் மஞ்சளாகியிருந்தபோது படியில் கால் வைக்கிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு என்று மரேவியா எண்ணினாள். சத்தம் உச்சிக்குப் போய் நின்றது. பிறகு ஒரு செருமல் கேட்டது. காய்ந்த மட்டையைச் சரளையில் இழுக்க ஆரம்பித்தான்.

கிணத்தடியில நிக்கிறவங்க
கேட்டுக்குங்க, நான் மேல இருக்கேன்.
எம் மகன் இன்னைக்குத் தின்னதை எல்லாம்
ஒண்ணு விடாமச் சொல்லப் போறேன்.
ஊட்டி ஊட்டிப் பாத்தேன், துப்பிப்போட்டான்,
விட்டுட்டு நான் தின்னேன், புடுங்கித் தின்னான்.
கோலாமீனு ஒரு விரல் அளவு,
எங் கையில இருந்து அவன் வாய்க்குப் போச்சு.
பரங்கிக்கா மூணு விரல் அளவு,
பாதி மூக்குல, மீதி வயித்துல.
அவன் மரத்துப் பதநீரு அரைச் சிரட்டை
அவனே குடிச்சான், அவனே குடிச்சான்.

கடைசி வரியை ஏழெட்டுத் தடவை பாடினான். "அவனே" என்ற இடத்தில் குரலை ஏற்றினான். கிணற்றடியில் ரோத்தியா சிரிப்பது கேட்டது. அவளுக்கு அந்த வரியின் உள்விஷயம் தெரியாது. நாற்பதடி தள்ளித் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளுக்குத் தெரியும்.

மரேவியா சிரித்தாள். சிரிக்கும்போதே இரண்டு பக்கமும் பால் சுரந்து சட்டை நனைந்து, துருவிய தேங்காயில் சொட்டியது. ஐந்து நாளாக அந்தப் பாட்டுக்குத்தான் தவம் கிடந்தாள். வந்துவிட்டது. வந்தபோது, இது இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருக்கக் கூடாதா, வராமலே போயிருக்கக் கூடாதா என்றிருந்தது. பிள்ளை சாப்பிட்டானே என்ற சந்தோஷமும் உண்மை, இதுவும் உண்மை. எதை முதலில் துடைப்பது என்று தெரியாமல் கண்ணைத் துடைத்தாள்.

கபுரோரோ ஒரு துணியை எடுத்து அவள் தோளில் போட்டாள். "பாலு கொஞ்ச நாளைக்குச் சேதி தெரியாம வந்துகிட்டுத்தான் இருக்கும். அதுக்கு யாரு போய்ச் சொல்றது?" என்றாள். பிறகு தேங்காய்த் தட்டைத் தன் பக்கம் இழுத்து மீதியைத் தானே துருவினாள்.

வியாழக்கிழமை காலை லாரி வருவதற்கு முன்னால் மரேவியா மகனை மடியில் உட்கார வைத்து ஊட்டினாள். முந்தின நாளே பாலை நிறுத்தியாயிற்று. கொண்டையை இறுக்கிக் கட்டி, பயணச் சட்டை போட்டு, கழுத்து வரைக்கும் பொத்தானைப் பூட்டியிருந்தாள். கரண்டியைக் கீழேயிருந்து கொண்டுவந்தாள். அரைக் கரண்டி ஈரப்பலா. பௌரோ அவள் மார்பைப் பார்க்கவில்லை, கரண்டியைப் பார்த்தான். வாயைத் திறந்தான். தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்தாள்.

"இன்னும் ஒரு வாய் வேணுமா?" என்று கேட்டாள். தாராவாவில் சொல்லிக் கொடுத்தபடியே காத்திருந்தாள். பௌரோ இரண்டு கையாலும் பரணைத் தட்டினான்.

கிண்ணம் காலியாகிற நேரத்தில் தெபானோ மரத்திலிருந்து இறங்கி வந்தான். காய்ச்சி ஆறிய தண்ணீரைச் சிரட்டையில் கலந்து மகனுக்குக் கொஞ்சம் கொடுத்தான். பாதி இருக்கும்போது அதை மரேவியாவிடம் நீட்டினான்.

"இது அவன் மரத்துது," என்றாள் அவள்.

"தெரியும். குடி. வழி தூரம்."

"வேற யாரும் வாய் வைக்கக் கூடாதுல்ல."

"இத்தனை நாளு வச்சவதானே."

வழியில் லாரியின் ஊதல் கேட்டது. கபுரோரோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். மரேவியா சிரட்டையை வாங்கி உதட்டில் வைத்தாள். அப்போதுதான் இறக்கியது, நுரைகூட அடங்கவில்லை. இரண்டு மிடறு குடித்திருப்பாள். மடியிலிருந்த பௌரோ நிமிர்ந்து பார்த்தான். அவன் உதடு பிதுங்கியது. கையை நீட்டி ஓவென்று அழ ஆரம்பித்தான்.

தன் பயணம் அவனுக்குத் தெரிந்துவிட்டதோ என்று அவள் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையின் கை எதை நோக்கிப் போகிறது என்று பிறகுதான் பார்த்தாள். அவனுக்கு அம்மாவும் தெரியவில்லை, லாரியும் தெரியவில்லை. அவன் சிரட்டைக்காக அழுதுகொண்டிருந்தான்.

"இந்தா, உன்னுதுதான்," என்று மரேவியா மீதியை அவன் வாயில் வைத்தாள். அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான்.